ஆறு டிஸ்க்கும் ஒரே ரெய்டு 5-ல்: டேட்டாபேஸுக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஒன்றே போதுமா?

மணலிச் சாலைக் கிடங்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரைத் தாண்டி மணலிச் சாலையில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நான். துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர்களை வாங்கி வைத்து, கஸ்டம்ஸ் அனுமதி கிடைத்தபின் லாரியில் ஏற்றி அனுப்புவது எங்கள் தொழில். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர். அதில் எட்டு டிஸ்க் போட இடம் உண்டு. ஆறு இடங்களில் 4 டிபி, நிமிடத்துக்கு 7200 சுழற்சி டிஸ்க்குகள் இருக்கின்றன. ஆறையும் சேர்த்து ஒரே ரெய்டு 5 தொகுதியாக (பல டிஸ்க்குகளை ஒன்றுபோல இயக்கி, ஒன்று பழுதானாலும் உள்ளதைக் காக்கும் முறை), எனக்கு முன்பு இருந்தவர் அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். கைக்குக் கிடைப்பது 20 டிபி.

அந்த ஒரு தொகுதியின் மேல்தான் எல்லாம் ஓடுகிறது. கிடங்கு இருப்பும் கேட் பாஸும் பில்லும் உள்ள டேட்டாபேஸ் 180 ஜிபி, அதில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் வரை வேலை செய்கிறார்கள். ஸ்கேன் செய்த ஆவணங்கள் ஏறக்குறைய 3 டிபி, எழுதியபின் யாரும் அதிகம் தொடுவதில்லை, ஆனால் தணிக்கைக்குக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். 16 கேமராக்களின் பதிவு, கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வீதம், 30 நாட்கள் வைத்திருக்கிறோம். இவற்றுடன் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் (சர்வருக்குள்ளேயே தனிக் கணினிபோல ஓடுபவை) 300 ஜிபி எடுத்துக்கொள்கின்றன.

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை லாரிகள் கேட்டில் வரிசையாக நிற்கும்போதுதான் சிக்கல். ஒரு கேட் பாஸைச் சேமிக்க 30, 40 நொடிகள் ஆகின்றன, ஓட்டுநர்கள் என் அறைக்கே வந்து கத்துகிறார்கள். மதியத்தில் அறிக்கை எடுத்தால் வேகம் சுமாராக இருக்கிறது. போன மாதம் ஒரு டிஸ்க் போய்விட்டது. புதியதை மாட்டியபின், போனதில் இருந்ததை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அதில் எழுதும் ரீபில்ட் முடிய 31 மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க இன்னொன்று போய்விடுமோ என்ற பயத்திலேயே சர்வர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

சப்ளையர் எல்லாவற்றையும் ரெய்டு 6 ஆக மாற்றச் சொல்கிறார். வங்கியில் வேலை பார்க்கும் என் மைத்துனர், ரெய்டு 10 தவிர எதையும் தொடாதே என்கிறார். ஆறு டிஸ்க்கை ரெய்டு 10-ல் போட்டால் 12 டிபிதான் கிடைக்கும், எங்கள் சரக்கு அதில் அடங்காது. முதலாளி இரண்டு மூன்று டிஸ்க் வாங்கச் சம்மதித்திருக்கிறார், புதுச் சர்வருக்குச் சம்மதிக்கவில்லை. எந்த வேலைக்கு எந்த ரெய்டு என்பதைக் காரணத்தோடு யாராவது விளக்க முடியுமா?

கல்மண்டபத்தான் எழுதியது:

தம்பி, உங்கள் சப்ளையரும் மைத்துனரும் சொல்வது இரண்டுமே சரிதான். ஆனால் இருவரும் வேறு வேறு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் இந்த ரெய்டு என்ற யோசனையை எழுதியபோதே, பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாகப் படித்து எழுதும் சூப்பர் கம்ப்யூட்டர் வேலையையும், சின்னச் சின்னதாகப் படித்துத் திருத்தி எழுதும் பரிவர்த்தனை வேலையையும் தனித்தனியாகத்தான் கணக்கிட்டுக் காட்டினார்கள். அன்று அவர்கள் சொன்னவை 1 முதல் 5 வரையிலான நிலைகள். இன்று நாம் பேசும் 6-உம் 10-உம் பிறகு வழக்கத்துக்கு வந்தவை. நிலைகள் கூடினாலும் அந்த இரண்டு வேலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது.

ரெய்டு 5 எப்படி வேலை செய்கிறது என்பதைக் காசிமேட்டு மீன் ஏலக் கணக்காக நினைத்துப் பாருங்கள். ஐந்து படகுகளின் வரவை ஐந்து சீட்டுகளில் எழுதி, ஆறாவது சீட்டில் கூட்டுத்தொகையை எழுதிவைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஏதாவது ஒரு சீட்டு தண்ணீரில் நனைந்து அழிந்தாலும், கூட்டுத்தொகையிலிருந்து மற்ற நான்கையும் கழித்தால் அழிந்த எண் கிடைத்துவிடும். அந்தக் கூட்டுத்தொகைச் சீட்டுதான் பாரிட்டி. (உண்மையில் நடப்பது கூட்டல் அல்ல, பிட்டுக்குப் பிட்டு நடக்கும் எக்ஸ்-ஆர் கணக்கு. கூட்டுச் சீட்டும் எப்போதும் ஒரே டிஸ்க்கில் இருக்காது, வரிக்கு வரி இடம் மாறும். நம் பேச்சுக்கு இந்த உவமை போதும்.)

இப்போது மூன்றாவது படகின் தொகையை மட்டும் திருத்த வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? பழைய தொகையைப் பார்க்க வேண்டும், பழைய கூட்டைப் பார்க்க வேண்டும், புதுத் தொகையை எழுத வேண்டும், புதுக் கூட்டை எழுத வேண்டும். ஒரு திருத்தத்துக்கு நான்கு வேலை. ரெய்டு 6-ல் வேறொரு கணக்கு முறையில் போட்ட இரண்டாவது கூட்டுச் சீட்டும் உண்டு என்பதால் ஆறு வேலை. ரெய்டு 1-லும் 10-லும் ஒரே சீட்டின் இரண்டு பிரதிகளை எழுதினால் போதும், பழையதைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆனால் ஐந்து படகுகளின் தொகையையும் ஒரே மூச்சில் புதிதாக எழுதுகிறீர்கள் என்றால், பாரிட்டி முறையிலும் பழையதைப் பார்க்கும் தேவை இல்லை. மனத்திலேயே கூட்டி ஆறு சீட்டையும் எழுதிவிடலாம். பாரிட்டி முறை பெரிய, தொடர்ச்சியான எழுத்துக்கு இனிமையாகவும் சின்னத் திருத்தங்களுக்குக் கசப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எண்ணில் சொல்கிறேன். 7200 சுழற்சி டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி. தலை நகர்வதற்கு மேலும் ஏழெட்டு மில்லி நொடி. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் ஒரு டிஸ்க் நொடிக்கு 80 வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆறும் சேர்ந்து 480. முழுக்க முழுக்கச் சின்ன எழுத்தாக இருந்தால் அது ரெய்டு 5-ல் 120 ஆகிவிடும், ரெய்டு 6-ல் 80, ரெய்டு 10-ல் 240. சப்ளையர் சொல்படி அப்படியே ரெய்டு 6-க்குப் போனீர்கள் என்றால், காலை நேரத்து லாரி வரிசை இன்னும் நீளும். எழுத்துகள் டிஸ்க்குக்குப் போகும் வழியில் தங்கும் நினைவகமான கேஷ் குறுக்கே வந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேமராவைப் பாருங்கள். 16 கேமரா, 2 மெகாபிட் என்றால் நொடிக்கு 4 எம்பி. ஒரே ஒரு டிஸ்க் தனியாகவே தொடர்ச்சியாக 150 எம்பிக்கு மேல் எழுதும் என்பதால், அளவில் இது ஒன்றுமே இல்லை. ஒரு நாளைக்கு 346 ஜிபி, 30 நாளைக்கு 10.4 டிபி. ஆனால் பதினாறு ஓட்டங்களும் டிஸ்க்கின் பதினாறு இடங்களில் இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும். தலை ஓரிடத்தில் நிற்காது. இந்தத் தலை ஆட்டத்தின் நடுவில்தான் உங்கள் கேட் பாஸ் வந்து நின்று, தன் முறைக்காகக் காத்திருக்கிறது. டேட்டாபேஸ் ஒரு பதிவை முடித்தேன் என்று சொல்வதற்கு முன், அந்த எழுத்து டிஸ்க்கில் உறுதியாக இறங்கிவிட்டதா என்று கேட்டுக் காத்திருக்கும். கேமரா மென்பொருள் அப்படிக் காத்திருப்பதில்லை, நினைவகத்தில் சேர்த்துவைத்துப் பெரிய துண்டுகளாக எழுதும், ஒரு நொடி தாமதமானாலும் யாருக்கும் தெரியாது.

அதனால் என் ஆலோசனை, இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்பது. காலியாக இருக்கும் இரண்டு இடங்களிலும் 960 ஜிபி சர்வர் ரக எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) இரண்டை ரெய்டு 1 ஆகப் போட்டு, டேட்டாபேஸையும் விர்ச்சுவல் மெஷின்களையும் அங்கே கொண்டுபோங்கள். 480 ஜிபிதான் தேவை, வளரவும் இடம் இருக்கும். சின்ன எழுத்துகளில் நொடிக்கு எண்பது எங்கே, ஆயிரக்கணக்கு எங்கே? மின்சாரம் போகும் கணத்தில் கையிலிருப்பதை எழுதி முடிக்க உள்ளேயே கெப்பாசிட்டர் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு ஆறு ஹார்ட் டிஸ்க்கையும் ரெய்டு 6 ஆக்கினால் 16 டிபி. கேமராவும் ஆவணமும் சேர்ந்து பதின்மூன்றரை டிபிக்குள் அடங்கிவிடும்.

ஒரு கேள்வி. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் உங்கள் ரெய்டு கன்ட்ரோலரில் கேஷ் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது? 30 நொடி என்பது ரெய்டு 5-க்கும் அதிகம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எம்.சி. ரோடு ஸ்டுடியோ எழுதியது:

பழைய வண்ணாரப்பேட்டையில் திருமண வீடியோ தொகுக்கும் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்மண்டபத்தான் ஐயா சொன்ன பிரிப்பை எங்கள் தொழிலில் வேறு வடிவத்தில் செய்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

தொகுப்பு நடக்கும்போது உருவாகும் தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டும் ரெய்டு 0 வைத்திருக்கிறேன். நான்கு டிஸ்க்கிலும் பங்கிட்டு எழுதுவதால் வேகம் நான்கு மடங்கை நெருங்கும். ஒன்று போனால் நான்கிலும் உள்ளது போய்விடும். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு முகூர்த்த நாளில் அப்படியே போனது. ஆனால் கேமராவிலிருந்து இறக்கிய மூலப் பதிவு தனியாக ரெய்டு 1-ல் இருந்ததால், இழந்தது அரை நாள் உழைப்பு மட்டும்தான், மணமக்கள் வீட்டாருக்கு அது தெரியவே தெரியாது. மீண்டும் உருவாக்கிக்கொள்ள முடியும் என்று உறுதியாகத் தெரிந்தவற்றைத் தவிர வேறெதையும் ரெய்டு 0-ல் வைக்கக் கூடாது. வேகமாக இருக்கிறதே என்று அங்கேயே ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்கும் பழக்கம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது.

நீங்கள் டிஸ்க் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முடிந்த வேலைகளை வைத்திருக்கும் எங்கள் ரெய்டு 5-ல் ஒன்று பழுதானபோது, அதே கொள்ளளவில் விலை குறைவாகக் கிடைத்த ஒன்றை வாங்கி மாட்டினேன். முதல் ஒரு மணி நேரம் ரீபில்ட் நன்றாக ஓடியது. பிறகு வேகம் விழுந்து விழுந்து நின்றே போனது, கன்ட்ரோலர் அந்தப் புது டிஸ்க்கையும் பழுது என்று வெளியே தள்ளிவிட்டது. பிறகுதான் அது எஸ்.எம்.ஆர். ரகம் என்று தெரிந்தது. நாட்டு ஓடு வேய்ந்ததுபோல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் பாதி ஏறியிருக்கும் முறை அது. நடுவில் உள்ள ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் ஏறியிருக்கும் ஓடுகளையெல்லாம் கழற்றி மறுபடி வேய வேண்டும் அல்லவா, அதுபோலத்தான் அங்கேயும். கொஞ்சம் எழுதினால் உள்ளே உள்ள ஒதுக்கிடத்தில் சமாளித்துக்கொள்ளும். ரீபில்ட் போல மணிக்கணக்கில் நிற்காமல் எழுதினால் மூச்சு வாங்கும். ரெய்டுக்கு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர். என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்கும் வேண்டாம். படிக்க முடியாத ஓரிடம் வந்தால் அது ஒரு நிமிடம் வரைகூட விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், அதற்குள் கன்ட்ரோலர் அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். ரெய்டுக்கான டிஸ்க்குகள் வழக்கமாக ஏழு நொடியில் கைவிட்டு, மற்றவற்றிலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிடும்.

பெரம்பூர் லோகோ எழுதியது:

கல்மண்டபத்தான் ஐயாவிடம் ஒரு சந்தேகம். டிஸ்க்கின் விவரக் குறிப்பில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகள் படித்தால் ஒரு முறை படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். அது ஏறக்குறைய 12.5 டிபி. கிடங்கு நண்பரின் ரெய்டு 5-ல் ஒன்று போனால் மீதி ஐந்து டிஸ்க்கையும், அதாவது 20 டிபியையும், முழுக்கப் படித்தாக வேண்டும். அப்படியென்றால் ரீபில்ட் எப்போதுமே தோற்றுத்தானே போக வேண்டும்? அவருக்கு எப்படி முடிந்தது? ரெய்டு 5 செத்துவிட்டது என்று பலர் எழுதுவது சரியா, மிகையா?

கல்மண்டபத்தான் எழுதியது:

நல்ல கேள்வி. விவரக் குறிப்பில் இருப்பது மேல் வரம்பு, அதைவிட மோசமாக இருக்காது என்ற உறுதிமொழி. அது சராசரி அல்ல. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குகள் அதைவிடப் பல மடங்கு நன்றாகவே படிக்கின்றன, சர்வர் ரக டிஸ்க்குகளில் 10-இன் 15-ஆம் அடுக்கு என்றே போட்டிருப்பார்கள். அதனால் அந்தப் பெருக்கல் கணக்கை வைத்துக்கொண்டு ரெய்டு 5-க்குச் சாவு மேளம் அடிக்க வேண்டியதில்லை. சின்ன எஸ்.எஸ்.டி.கள் மூன்று நான்கை வைத்து, பெரும்பாலும் படிக்க மட்டுமே செய்யும் வெப்சைட் போன்ற வேலைக்கு இன்றும் ரெய்டு 5 மலிவான, நல்ல தேர்வு.

பெரிய ஹார்ட் டிஸ்க்குகளில் நான் அதை வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. ஒன்று போனபின், ரீபில்ட் முடியும்வரை உங்களுக்குக் காப்பு எதுவும் இல்லை. மீதி ஐந்தில் எது போனாலும் எல்லாம் போகும். ஆறு டிஸ்க் ரெய்டு 10-ல், மீதி ஐந்தில் போனதன் ஜோடி ஒன்று மட்டும்தான் ஆபத்து. ரெய்டு 6-ல் ஐந்தில் எது போனாலும் தாங்கும். வேலையில்லாமல் சும்மா இருக்கும் தொகுதியில், நொடிக்கு 150 எம்பி வீதம் 4 டிபியை எழுத ஏழரை மணி நேரம் போதும். தம்பிக்கு 31 மணி நேரம் ஆனது என்றால் நொடிக்கு 36 எம்பிதான் ஓடியிருக்கிறது, மீதியைக் கேமராவும் டேட்டாபேஸும் தின்றிருக்கின்றன. அந்த 31 மணி நேரமும் எல்லா டிஸ்க்கும் முழு மூச்சில் உழைக்கின்றன. ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய டிஸ்க்குகள் ஒன்றாகவே முதுமையும் அடைகின்றன. கடைசியாக எப்போது தொட்டோம் என்றே தெரியாத பழைய ஆவணத்தின் ஓரத்தில் ஒரு செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய பகுதி) கெட்டிருந்தால், அது வெளியே தெரிவதும் அந்த நேரத்தில்தான்.

இதற்கு மருந்து, மாதம் ஒரு முறை முழுத் தொகுதியையும் படித்துச் சரிபார்க்க வைப்பது. கன்ட்ரோலர்களில் இதற்குப் பேட்ரோல் ரீட், கன்சிஸ்டென்சி செக் என்றெல்லாம் பெயர். லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்.டி. தொகுதியில் மாதாந்தரச் சோதனை பல லினக்ஸ் பதிப்புகளில் தானாகவே அமைந்திருக்கும். தம்பி, உங்களுடையதில் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.டி. ஜோடிக்கும் ஒரு பலவீனம் உண்டு. இரண்டிலும் ஒரே எழுத்துதான் நடக்கிறது என்பதால் தேய்மானமும் ஒரே சீராக நடக்கும். 2019-ல் ஒரு பெரிய சர்வர் நிறுவனம், தன் குறிப்பிட்ட சில எஸ்.எஸ்.டி. மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் உள்மென்பொருள் பிழையால் செயலிழந்துவிடும், உள்ளே உள்ளதையும் மீட்க முடியாது என்று அறிவித்தது. மூன்று வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் பொருத்திய ஜோடி ஒரே மணியில் போகும். ரெய்டு 1 அங்கே என்ன செய்யும்? அதனால் இரண்டையும் வெவ்வேறு நிறுவனத்துடையதாக வாங்குங்கள், இல்லையென்றால் ஒன்றைச் சில மாதங்களாவது முன்பே ஓடியதாக வையுங்கள், உள்மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மணலிச் சாலைக் கிடங்கு எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். இரவு பத்து மணிக்குமேல் கேட் மூடியபின் சர்வரை மறுதொடக்கம் செய்து, கன்ட்ரோலரின் திரைக்குள் போனேன். பேட்டரி நிலை: ஃபெயில்டு. கேஷ் முறை: ரைட் த்ரூ, அதாவது ஒவ்வோர் எழுத்தும் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருப்பது. பதிவேட்டில் பின்னோக்கிப் போனால், பேட்டரி செத்து பதினொரு மாதங்கள் ஆகியிருக்கின்றன. அன்றிலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது, எனக்கு முன்பு இருந்தவரின் மூடப்பட்ட முகவரிக்கு.

கேட் பாஸ் மெதுவாகிறது என்ற புகாரும் ஏறக்குறைய அந்த மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. இதைப் பார்த்தபின் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதே திரையில், பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக் போடு என்று ஒரு வசதி இருக்கிறது. புதுப் பேட்டரி வரும்வரை அதைப் போட்டுக்கொள்ளலாமா? யூ.பி.எஸ். இருக்கிறது. மாதாந்தரச் சோதனை ஒரு முறைகூட ஓடியதில்லை.

கல்மண்டபத்தான் எழுதியது:

தொடாதீர்கள். ரைட் பேக் என்றால், எழுத்து கேஷுக்கு வந்தவுடனேயே முடிந்தது என்று டேட்டாபேஸிடம் கன்ட்ரோலர் சொல்லிவிடுகிறது. டிஸ்க்கில் பிறகு நிதானமாக இறக்கிக்கொள்கிறது. பேட்டரிதான் அந்த வாக்குறுதிக்கு ஜாமீன். மின்சாரம் போனாலும் கேஷில் உள்ளதை அது காப்பாற்றிவைக்கும். ஜாமீன் இல்லாமல் வாக்குக் கொடுத்தால், கொடுத்த கேட் பாஸ் டேட்டாபேஸில் இருக்காது. யூ.பி.எஸ். இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் சர்வரின் பவர் சப்ளை எரிந்தால் யூ.பி.எஸ். என்ன செய்யும்? யாராவது வயரில் கால் இடறினால்?

பாரிட்டி முறையில் இன்னோர் ஓட்டையும் இருக்கிறது. மூன்றாவது படகின் சீட்டைத் திருத்திவிட்டீர்கள், கூட்டுச் சீட்டைத் திருத்துவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது கூட்டுத்தொகை பொய். ஆனால் எல்லாச் சீட்டும் கையில் இருக்கும்வரை யாரும் கூட்டைப் பார்ப்பதில்லை என்பதால் பொய் என்று யாருக்கும் தெரியாது. என்றோ ஒரு நாள் முதல் படகின் சீட்டு அழிந்து, கூட்டிலிருந்து கழித்து எடுக்கும்போது, அன்று யாரும் தொடாத முதல் படகின் தொகை தப்பாக வரும். இதைத்தான் ரைட் ஹோல் என்கிறார்கள். இசட்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைகள் பழைய இடத்தின் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதி முடித்தபின்பே மாறிக்கொள்வதால் இதிலிருந்து தப்பிக்கின்றன. உங்களுடையதைப் போன்ற கன்ட்ரோலரில் பேட்டரிதான் தடுப்பு.

முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அதோடு வேகம் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் பிரிக்கும் வேலையைக் கைவிட வேண்டாம். கேஷ் என்பது முன்கூடம்தான். காலை இரண்டு மணி நேரம் இடைவிடாமல் கூட்டம் வந்தால் முன்கூடம் நிரம்பி, பின்னால் உள்ள டிஸ்க்கின் வேகத்துக்கே வந்து நிற்கும்.

மாற்றுவதற்கு முன் பேக்கப் எங்கே இருக்கிறது என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை. ரெய்டு பேக்கப் ஆகாது என்று எல்லாரும் சொல்வார்கள், நான் பட்டதைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, நான் அன்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தின் தரைத்தளத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. நான்கு டிஸ்க் ரெய்டு 10, ஒன்றுக்கொன்று ஜோடி, நான்கும் ஒரே பெட்டியில், பெட்டி தண்ணீரில். எங்களைக் காப்பாற்றியது, கணக்காளர் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போன ஒரு வெளி டிஸ்க். நான் சொல்லி அவர் செய்ததல்ல, அவராகவே செய்தது.

எம்.சி. ரோடு ஸ்டுடியோ எழுதியது:

கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்தவர்களின் சர்வர்களில், டிஸ்க் மாட்டும் தட்டின் இணைப்பு முனைகளில் கருப்பு படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் பழுது என்று காட்டும், கழற்றித் துடைத்து மாட்டினால் மறுபடி ஓடும். அப்படி ஓடியதை நம்பவும் கூடாது. அலமாரியில் வைக்கும் மாற்று டிஸ்க்கை, வந்த உறையிலிருந்து பிரிக்காமலே வையுங்கள். எஸ்.எஸ்.டி. இரண்டும் வந்தால் எட்டு இடமும் நிரம்பிவிடும் என்பதால் உள்ளேயே தயாராக நிற்கும் ஹாட் ஸ்பேருக்கு உங்களிடம் இடம் இல்லை, ஆகவே அலமாரியில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பெரம்பூர் லோகோ எழுதியது:

ஓடிக்கொண்டிருக்கும் ரெய்டு 5-ஐ அப்படியே ரெய்டு 6 ஆக மாற்றும் வசதி சில கன்ட்ரோலர்களில் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் சர்வரை நிறுத்த வேண்டாமே?

கல்மண்டபத்தான் எழுதியது:

இருக்கிறது. கூடுதலாக ஒரு டிஸ்க்கைச் சேர்த்துக்கொண்டுதான் வழக்கமாக அதைச் செய்வார்கள். இவருக்கோ அதே ஆறில் 20 டிபியை 16 டிபியாகச் சுருக்க வேண்டும். பல நாட்கள் ஓடும் அந்த மாற்றத்தை, இதுவரை சோதனையே ஓடாத டிஸ்க்குகளின் மேல் நடத்த நான் துணிய மாட்டேன். கேமராப் பதிவு 10.4 டிபியையும் நகலெடுக்க வேண்டிய தேவை இல்லை, வழக்கு அல்லது இன்ஷூரன்ஸுக்குத் தேவையான துண்டுகளை மட்டும் எடுத்துவைத்தால் போதும். மிச்சம் 3 டிபி ஆவணம். வெளி டிஸ்க்குக்கு நொடிக்கு 100 எம்பி போனால் எட்டரை மணி நேரம், சின்னக் கோப்புகள் என்பதால் இன்னும் கூடும். சனிக்கிழமை இரவில் ஆரம்பியுங்கள். நகலைத் திறந்து பார்த்து, எண்ணிக்கையைச் சரிபார்த்தபின்புதான் பழைய தொகுதியைக் கலைக்க வேண்டும்.

மணலிச் சாலைக் கிடங்கு எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பேட்டரி கிடைக்கவே பத்து நாள் ஆனது. அதை மாட்டி, ரைட் பேக் வந்த மறுநாள் காலை கேட் பாஸ் நான்கைந்து நொடிக்கு இறங்கியது. எட்டரை மணிக்கு மேல் மறுபடி பத்து நொடிக்கு ஏறியது, ஐயா சொன்ன முன்கூடம் நிரம்பியதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பிறகு வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு எஸ்.எஸ்.டி.கள் வாங்கினேன். 2.5 அங்குலத்தை 3.5 அங்குலத் தட்டில் பொருத்த அடாப்டர் தேவைப்பட்டது, அதை யாரும் முன்பே சொல்லவில்லை, இனி வருபவர்களுக்காகக் குறித்துவைக்கிறேன். டேட்டாபேஸும் விர்ச்சுவல் மெஷின்களும் ரெய்டு 1-க்குப் போய்விட்டன. கேட் பாஸ் இப்போது பட்டனை அழுத்திக் கையை எடுப்பதற்குள் அச்சாகிறது. ஓட்டுநர்கள் என் அறைக்கு வருவதில்லை, கண்ணாடி வழியே கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆவண நகல் சனிக்கிழமை இரவு ஒன்பதுக்குத் தொடங்கி ஞாயிறு மதியம் இரண்டரைக்கு முடிந்தது. பேக்கப்புக்கு இரண்டு வெளி டிஸ்க்குகளை வாரம் மாற்றி வாரம் எங்கள் தண்டையார்ப்பேட்டை அலுவலகத்தின் மாடிக்கு அனுப்புகிறோம். சோதனைக்காக ஒரு பழைய பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிக்கான கஸ்டம்ஸ் ஆவணம்) அதிலிருந்து மீட்டும் பார்த்தாகிவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் என் முகவரிக்கும் முதலாளியின் முகவரிக்கும் வருகிறது.

பழையதைக் கலைப்பதற்கு முன் முதன்முறையாக முழுச் சோதனையை ஓடவிட்டேன். மூன்றாம் எண் டிஸ்க்கில் கெட்டு மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள் 200-ஐத் தாண்டியிருந்தன, சோதனை ஓடும்போதே அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. போன மாத ரீபில்ட் அந்த டிஸ்க்கையும் நம்பித்தான் முடிந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, அலமாரிக்கென்று வாங்கிய சி.எம்.ஆர். டிஸ்க்கை மாட்டி ரெய்டு 6-ஐ அமைத்தேன். ஆகவே அலமாரி மறுபடி காலி. திங்கட்கிழமை இன்னொரு டிஸ்க் வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறேன்.